கயிற்றின் மறுமுனை

எங்கள் மலையேற்றக் குழுவில் நான் பாறை ஏறும்போது கீழே நின்று என் கயிற்றைப் பிடிப்பவர், உத்திரமேரூரில் வளையல் கடை வைத்திருந்த ஒரு அக்கா. முக்காட்டின் மேல் ஹெல்மெட், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. ஏறுகிறவனால் திரும்பிப் பார்க்க முடியாது என்பதால், தான் இருப்பதைத் தெரிவிக்க அடிக்கடி "கீறேன் தம்பி" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்.

சாலவாக்கம் பக்கத்துப் பாறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குரல் நின்றுபோனது. நான் விரல் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தேன். "அக்கா" என்றேன். பதில் இல்லை. கத்தினேன். அப்போதும் இல்லை. கால் வழுக்கியது. விழுந்தேன்.

ஒரு முழம் இறங்கியதும் கயிறு என்னை நிறுத்தியது.

மெதுவாகத் தரையில் இறக்கிவிட்டார். திட்டுவதற்குத்தான் திரும்பினேன். அவருடைய உதடு வீங்கித் தொங்கியது. செருப்பால் நசுக்கிய குளவி ஒன்று காலடியில் கிடந்தது.

"வாய் மேல குந்திக்கினா எப்டி பேசறது?" என்றார்.

"தட்டிவிட்டிருக்கலாமே அக்கா."

"எந்தக் கையால? ரெண்டு கைலயும் நீ கீறியே."

இப்போது நானும் மற்றவர்களுக்குக் கயிறு பிடிக்கிறேன். என்னை நம்பித்தான் ஏறுகிறார்கள். அது சரிதானா என்பது, ஒரு குளவி வந்து உட்காரும்வரை எனக்கே தெரியாது.