ஹாரன் அடிக்காத கார்

ஈப்போவில் இருபது வருஷம் கார் ஓட்டியிருக்கிறேன். ஹாரனை அழுத்திய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அங்கே ஹாரன் அடிப்பது ஒருவரை முகத்துக்கு நேரே வைவதற்குச் சமம். மாமனார் விட்டுப்போன காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள நானும் கணவரும் சேலத்துக்கு மேலே மலையில் இருக்கும் நாகலூருக்குக் குடிவந்தபோது, மலேசியப் பாஸ்போர்ட்டோடு இந்த நல்ல பழக்கத்தையும் கொண்டுவந்தேன். கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் சேலத்தில் வாங்கிய பழைய கார் முழுக்க என் பொறுப்பு, என் பெருமை.

எனக்கோ ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. உப்புத் தீர்ந்தால் காரை எடுத்துக்கொண்டு ஒண்டிக்கடை பஜார், தீராவிட்டாலும் ஒண்டிக்கடை. வழி நெடுக ஹாரன் சத்தம் காதைக் கிழிக்கும். ஆள் அரவமே இல்லாத வளைவிலும் பஸ், ஜீப், பால் வண்டி எல்லாம் அலறிக்கொண்டே வரும். இவர்களுக்கு யார் மேல் இத்தனை கோபம் என்று கணவரிடம் புலம்புவேன். அவர் சிரிப்பதோடு சரி.

பக்கத்து வீட்டு அம்மா வேறொரு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர். அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். "வலி வந்தா எந்நேரமும் கதவத் தட்டுங்க, நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று நானாகவே வாக்குக் கொடுத்தேன். வந்து ஒரு வருஷமாகியும் 'மலேசியாக்காரம்மா' என்றே பெயர். இந்த ஊரில் யாராவது என்னை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைக்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். டேங்க்கில் பெட்ரோல் குறையாமல் பார்த்துக்கொண்டேன். காரை எப்போதும் ரோட்டைப் பார்த்தே நிறுத்தினேன்.

ஒரு மதியம், நல்ல மூடுபனி. மெதுவாகத்தான் வந்தேன். வளைவு திரும்பியதும் முன்னால் இரண்டு பேர். பிரேக்கை மிதித்தேன்; கார் அவர்கள் மேல் படாமல் ஒரு முழம் தள்ளி நின்றது. நிறைமாதப் பெண் மண்மேட்டில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டும் ஆரஞ்சுப் பழங்களும் ரோட்டில் கிடந்தன. பக்கத்து வீட்டு அம்மாவும் மகளும்தான்.

"ஏனுங்க, வளைவுல ஒரு ஆரன் அடிக்கப்படாதுங்களா? பூனையாட்டம் வர்றீங்களே!" என்றார் அந்த அம்மா.

"நடந்து போறவங்களுக்கு ஹாரன் அடிச்சா மரியாதை இல்லைன்னு..." என்று குழறினேன்.

"மரியாதைய வெச்சுட்டு என்னங்க பண்றது? வண்டி வருதுன்னு எங்களுக்குத் தெரிய வேணாமுங்களா?"

இறங்கிப் பழங்களைப் பொறுக்கிக் கொடுத்தேன். காரில் ஏறச் சொன்னேன். "வேணாமுங்க, ஊடு பக்கந்தானுங்க" என்று மகளைத் தாங்கியபடி நடந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து வளைவுக்கு வளைவு அடித்தேன். நேர் ரோட்டிலும் அடித்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்தால் சிரித்தார், மழையைப் பற்றிப் பேசினார். ஆஸ்பத்திரிப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. கேட்க எனக்கும் தைரியமில்லை. தினமும் காலையில் காரை ஒரு தரம் ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு அணைப்பேன். ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

பத்து நாள் கழித்து, பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் பேச்சுச் சத்தம். அடுப்பை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். எஸ்டேட் ஜீப் நின்றிருந்தது. வலியில் முனகிய மகளைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"ஜீப்பு வந்துருச்சுங்க. நீங்க எதுக்குச் சிரமப்படறீங்க?"

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜீப் பனிக்குள் மறைந்தது. முதல் வளைவில் ஹாரன் கேட்டது. பிறகு தண்ணித் தொட்டிக்குப் பக்கத்து வளைவில். எந்தச் சத்தம் எந்த வளைவு என்று அதற்குள் எனக்கு அத்துப்படி. அத்தனை அவசரத்திலும் அந்த டிரைவர் ஒன்றைக்கூட விடவில்லை. கடைசி வளைவின் சத்தமும் தேய்ந்தபோது, பத்திரமாகத் தாண்டிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன். தாயும் பிள்ளையும் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். என் காரில் போயிருக்க வேண்டியவள் என்று அப்போதும் உள்ளுக்குள் எரிந்தது.