ஐம்பத்துநாலு கிலோ

சித்தியைக் காட்டிக்கொடுத்தவள் என்று வீட்டில் என்னை இன்றும் கேலி செய்வார்கள். செய்யட்டும். பத்து வயதில் நான் சொன்னதை மறுபடி கேட்டாலும் அப்படியேதான் சொல்வேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. எங்கள் தீவில், கராச்சர்மா என்ற ஊரில், வீட்டை ஒட்டி அவர்கள் அண்ணனான என் மாமாவின் ஒர்க்‌ஷாப் இருந்தது. பலகையில் மாமா பேர், வேலையெல்லாம் சித்தியுடையது. பழைய மாருதி ஒன்றைப் பிரித்து, பின்சீட்டைக் கழற்றிப் போட்டு, கவிழ்ந்தாலும் நசுங்காதபடி உள்ளே கம்பி பற்றவைத்து, கார் போட்டிக்குத் தயார் செய்ததும் அவள்தான். ஓட்டவும் கேட்டாள். பொம்பளை ஓட்டினால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றார் மாமா. அந்த நாலு பேர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. சித்தி சரி என்று தலையாட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினாள். அவள் உடனே தலையாட்டினால்தான் பயப்பட வேண்டும் என்பது மாமாவைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

போட்டிக்கு முந்தின ஞாயிறு, சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்தாள். அதற்கு மெஷின் கிடையாது. வண்டியின் இருபுறமும் தூண்டில் நரம்பை விறைப்பாக இழுத்துக் கட்டினாள். நரம்பிலிருந்து ரிம்மின் முன்விளிம்பு எவ்வளவு, பின்விளிம்பு எவ்வளவு என்று ஸ்கேல் வைத்துச் சொல்வது என் வேலை. ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் மண்டையில் குட்டு விழும்.

அளக்கும்போது ஓட்டுகிறவரின் எடை சீட்டில் இருக்க வேண்டுமாம். ஆள் உட்கார்ந்தால் வண்டி அமுங்கி, சக்கரம் லேசாகத் திரும்பிவிடும். ஆளுக்குப் பதில் அரிசி ஏற்றினாள். இருபத்தைந்து கிலோ மூட்டை இரண்டு, மேலே நாலு கிலோ துவரம்பருப்பு. மாமாவின் எடைக்கு இது எந்த மூலைக்கு? ஃபீனிக்ஸ் பே கப்பல்துறையில் சரக்குத் தராசில் மாமா விளையாட்டாக ஏறி நின்றபோது முள் தொண்ணூறைத் தாண்டியதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்னொரு மூட்டையை இழுத்து வந்தேன்.

“அதைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன். அளவை மட்டும் சொல்லுடி.”

ரோஷத்தில் அளவை மட்டும் சொன்னேன். வாரம் முழுக்க, சித்தி கோட்டைவிட்டாள், மாமா வண்டியோடு கவிழப்போகிறார் என்றே நினைத்தேன்.

போட்டியன்று கொடி பிடித்தவர், டிரைவர் கௌன், யார் ஓட்டுவது என்று இந்தியில் கேட்டார். மாமா ஹெல்மெட்டோடு முன்னால் வருவதற்குள் சித்தி ஏறி பெல்ட் மாட்டியிருந்தாள். இறங்கு என்றார் மாமா.

“ஐம்பத்துநாலு கிலோவுக்கு அளந்து வச்ச வண்டிண்ணே. நீ உக்காந்தா நேரா போகாது. நம்பலேன்னா அவகிட்ட கேளு.”

மாமா என் பக்கம் திரும்பினார். பொய் சொல்லி அவளைக் காப்பாற்றலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். உண்மைதான் வாயில் வந்தது. அரிசி ஐம்பது, பருப்பு நாலு என்றேன். சுற்றி நின்றவர்கள் மாமாவின் தொப்பையைப் பார்த்தார்கள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

வண்டி நூல் பிடித்தாற்போல் போனது. நான் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். சித்தி இறங்கியதும் ஓடிப்போய், அவள் செய்த தப்பை ஊரறியச் சொல்லிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சித்தியின் எடை எவ்வளவு என்று கேட்க எனக்கு அன்றைக்குத் தோன்றவேயில்லை.