அன்னக்கொடியின் செங்கல்

அன்னக்கொடி மன்னவனூர்க்காரி. பூண்டு வெள்ளாமை பார்த்த கை, 1964-இல் கொடைக்கானலில் எலிக்கூண்டு கழுவிக்கொண்டிருந்தது. ஏரிக்கு மேலே ஒரு வாடகை பங்களாவில் டாக்டர் தண்டாயுதபாணி ஆய்வு நடத்தினார். நான் அவருக்குத் தட்டச்சன். எலிகளின் உடம்புச் சூட்டு அளவுகளை நோட்டில் எழுதுகிறவனும் நான்தான். படித்தவன் என்ற கொழுப்பு எனக்கு அப்போது நிறையவே இருந்தது.

மூளையின் அடிப்பக்கத்தில் ஹைப்போதாலமஸ் என்று ஓர் இடம். அதன் முன்பகுதிதான் உடம்புச் சூட்டைக் காவல் காக்கிறது என்பது டாக்டரின் கட்சி. எலிக்கு மயக்கம் கொடுத்து, அந்தக் கடுகளவு இடத்தை மின்சாரத்தால் பொசுக்குவார். காயம் ஆறியபின் வடக்கு அறையில் விடுவார். மார்கழியில் அந்த அறைக்குத் தனியாகப் பனிக்கட்டி வேண்டியதில்லை. காவல் போன எலிக்கு நடுங்கத் தெரியாது. காலை ஏழு மணிக்கு அளந்தால் உடம்பு சில்லிட்டிருக்க வேண்டும்.

அந்த மார்கழியில் பன்னிரண்டு எலிகளும் ஒழுங்காகச் சூடாகவே இருந்தன. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மூன்று வாரம். மனுஷன் சோறு தண்ணி மறந்தார். தம் மூன்று வருட உழைப்பே தப்பு, ஆய்வை மூடிவிடலாம் என்று சென்னைக்கு அவர் கடிதம் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். வெளியே வந்து அன்னக்கொடியிடம் விஷயத்தைச் சொன்னேன், உனக்கும் வேலை போச்சு என்று.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நேரே டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, உங்க சோலியில தப்பில்லங்க. நாந்தான் கெடுத்தேன்."

மன்னவனூரில் பூண்டை அடுப்புக்கு மேலே பரணில் போட்டுப் புகையில் காயவைப்பார்கள். உறைபனியில் விறைத்துக் கிடக்கும் ஆட்டுக்குட்டியை அந்தப் பரணுக்கு அடியில் கிடத்தினால் பிழைத்துக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்து இவளுக்கு இது முதல் மார்கழி; அந்தப் பழக்கம் இவளை விடவில்லை. தினமும் வெள்ளனே வந்து, செங்கல்களைச் சுட்டுச் சாக்கில் சுற்றி, கூண்டுக்கு ஒன்றாக மூலையில் வைத்திருக்கிறாள். டாக்டர் வரும் சத்தம் கேட்டதும் எடுத்துவிடுவாளாம். சில்லிட்ட உயிரைப் பார்த்துக்கொண்டே கூட்டிப் பெருக்க அவளால் முடியவில்லை.

டாக்டருக்கு முகம் சிவந்தது. மூன்று வார அளவும் குப்பை என்றார். வேலையை விட்டு அனுப்பப் போகிறார் என்றே நினைத்தேன். அவள் நகரவில்லை.

"நான் எலியத் தூக்கி வைக்கலங்க. செங்கல எந்த மூலையில வச்சாலும் அதுகளே அங்கன வந்துருதுங்க. சூடு கூடுனா வெலகிப் படுத்துக்கிருதுங்க. குளிருதுன்னு அதுகளுக்குத் தெரியுதுங்கய்யா. நடுங்கத்தான் தெரியல."

டாக்டர் உடனே ஒரு செங்கலைச் சுட்டு வரச் சொன்னார். எலி இருந்த இடத்துக்கு எதிர் மூலையில் வைத்தார். அது மூக்கைத் தூக்கி முகர்ந்து, தள்ளாடி நடந்து, செங்கலை ஒட்டிப் படுத்தது. மூலையை மாற்றினார், எலியும் மாறியது. அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே சூட்டைக் காக்கும் இடம் போனாலும், சூட்டைத் தேடிக் கால்களை நடக்கவைக்கும் இடம் மூளையில் வேறெங்கோ பிழைத்திருக்கிறது. நாங்கள் மூன்று வருடம் பாராததை, எண் படிக்கத் தெரியாத ஒருத்தி பார்த்திருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

கடிதம் கிழிந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஆறு எலிக்குச் செங்கல் உண்டு, ஆறுக்குக் கிடையாது. அந்த ஆறையும் குளிரில் விட்டுவைக்க உன்னால் முடியுமா என்று டாக்டர் அவளையே கேட்டார்.

"அளக்குற வரைக்கும் செங்கல் வைக்கமாட்டேங்க. அளந்து முடிச்சதும் அந்த ஆறயும் எனக்கு விட்டுருங்கய்யா" என்றாள்.

தை முடியும் வரை அவள் ஒரு நாளும் வாக்குத் தவறவில்லை. அந்த ஆறு கூண்டுகளின் பக்கம் பெருக்கும்போது மட்டும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். செங்கல் இல்லாத ஆறும் டாக்டர் சொன்னபடியே சில்லிட்டன. அவர் கட்சி நிலைத்தது. அவளைப் போல நேர்மையான ஆய்வாளரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் என் கையெழுத்தில் இரண்டு வரி: ஏழு மணி, அளவு. ஏழு ஐந்து, செங்கல்.