குதிரைக்கு முடி வெட்டிய நாள்

என் தாய்மாமா மும்பை வடாலாவில் ஒரு வெள்ளைக் குதிரை வைத்திருந்தார். கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளையை ஏற்றிச் செல்லும் பெட்டைக் குதிரை. மாமாவுக்குக் குடும்பம் என்று இருந்தது அதுதான். தாராவியில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுக்க அதன் கொட்டகைக்குப் போய்விடுவார்.

நான் நாலாம் வகுப்பில் இருந்த வருடம், மே மாதம் வந்தும் குளிருக்கு வளர்ந்த அதன் உடம்பு முடி உதிரவில்லை. விரல் மறையும் அளவுக்கு வளர்ந்து சுருண்டது. வயிறு தொங்கியது. வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தது.

"என்னடே, குதிரைக்கு ஸ்வெட்டர் போட்டு விட்டிருக்க?" என்பார் எங்களூர் பேண்டுக்காரர். அவர்தான் மாமாவுக்கு ஊர்வலங்கள் பிடித்துத் தருபவர். எனக்கோ குதிரை கொழுத்துச் செழித்திருப்பதாகத் தோன்றியது. கட்டிக்கொண்டால் மெத்தை போல இருக்கும்.

கால்நடை டாக்டர் வந்து, வயதான குதிரைகளுக்கு வரும் குஷிங் நோய் என்றார். மாமாவின் கையைப் பிடித்து அந்த முடிக்குள் விட்டு முதுகெலும்பின்மேல் வைத்தார். மாமா வெகுநேரம் கையை எடுக்கவில்லை. இனிப்பு கூடாது, அது குளம்பைக் கெடுக்கும். காய்ந்த புல்லை ஊறவைத்து வடித்து, சோயாவும் எண்ணெயும் சேர்த்துப் பல வேளையாகக் கொடுத்தால் உடம்பு தேறும். முடியை உடனே எடுக்க வேண்டும், இந்தப் புழுக்கத்தில் தாங்காது என்றார்.

மாமா எல்லாம் செய்தார். ஊர்வலத்துக்கு முன் மாப்பிள்ளையின் சகோதரிகள் குதிரைக்குக் கடலைப்பருப்பும் வெல்லமும் ஊட்ட வருவார்கள். "பேட் கராப் ஹை, தீதி" என்று வயிற்றுக் கோளாறைக் காரணம் சொல்லித் தடுப்பார். முடியை மட்டும் வெட்டவில்லை.

"ஏன்டே இன்னும் வெட்டாம இருக்க?" என்றாள் அம்மா.

"இது முகூர்த்த மாசம்லாக்கா."

ஒரு ஊர்வலம் முடிந்து வந்த குதிரை வேர்வையில் நனைந்து, வைத்த புல்லை முகர்ந்துகூடப் பார்க்காமல் நின்றது. மறுநாள் காலையில் மாமா எங்கிருந்தோ மெஷின் வாங்கி வந்து முடியை வெட்டினார். வெட்ட வெட்ட விலாவெலும்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"நீதான் மாமா வெட்டி வெட்டி இளைக்க வச்சிட்ட" என்று அழுதேன்.

"ஆமாட்டி. கொஞ்சம் ஆழமா வெட்டிட்டேன்."

சாயங்காலம் பேண்டுக்காரர் வந்து பார்த்தார். "மாப்பிள்ளைய எலும்புக்கூட்டு மேலயா ஏத்தச் சொல்லுத?" என்றார். அப்புறம் அவர் வரவில்லை. நானும் மாமாவோடு பேசவில்லை.

மழைக்காலம் முழுக்க மாமா தோளில் சிமென்ட் தூளோடு சாப்பிட வந்தார். நடுவில் எழுந்து, புல் ஊறியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு ஓடுவார். தீபாவளிக்கு முன் ஒருநாள் என்னிடம் வந்து நின்றார்.

"முதுகுல சதை புடிச்சிருக்கு, ஏட்டி. வந்து தொட்டுப் பாரு."

"முடி பழையபடி வளரட்டும், அப்பம் வாரேன்" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிமென்ட் மூட்டை இறக்கும் லாரிகள் நிற்கும் பக்கமாக நடந்தார். மாமா எங்கோ வீடு கட்டிக்கொண்டிருக்கிறார், அதுதான் ஊர்வலத்துக்குப் போக அவருக்கு நேரமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.