ஐந்தாவது பிளக்

பனியன் கம்பெனியில் முனவர் பேகத்துக்கு 'ரிஜெக்ட் அக்கா' என்று பெயர். செக்கிங் மேசையில் அவள் கண்ணுக்குத் தப்பி ஓட்டை பனியன் ஒன்று வெளியே போனதாகச் சரித்திரமே இல்லை. தேறியதில் ஒன்றைச் சாம்பிளாக எடுத்துவைத்து, அடுத்து வருவதை அதன்மேல் போட்டுப் பார்த்துத்தான் விடுவாள். வீட்டிலும் அதே புத்தி. குழாய் வாஷரோ, டார்ச் பல்போ, எதை மாற்றினாலும் பழையதில் ஒன்று பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். கணவர் சேக் தாவூது அந்த டப்பாவைக் குப்பைத் தொட்டி என்பார்.

எண்பத்தேழில் தாவூது வாடகைக்கு ஓட்டிய சொந்த அம்பாசிடர் இரண்டு மாதமாக மூச்சு வாங்கியது. நாலு பேர் ஏறினால் இழுக்காது. குலுங்கிக் குலுங்கி நின்றுவிடும். மெக்கானிக் காசிமாயன் கையை விரித்துவிட்டான்.

"இஞ்சின் போச்சுண்ணே. வித்துருங்க. ஞாயித்துக்கிழமை ஆளைக் கூட்டியாரேன்."

அந்த வண்டி போனால் தாவூது இன்னொருத்தர் காருக்கு டிரைவராகக் கைகட்டி நிற்க வேண்டும். மனிதர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. முனவருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் கேட்டாள். "ஏனுங்க, இந்த நோவு எப்பயிருந்துங்க?"

"காசிமாயன் ஸ்பார்க் பிளக் மாத்துனதுல இருந்துதான்."

"அதுல ஒண்ணக் கழட்டுங்க, பாக்கலாம்."

கரி அப்பிய பிளக் வந்தது. டப்பாவைக் கவிழ்த்து, அன்று கழற்றிப் போட்ட பழைய பிளக்கைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். தலை ஒரே அளவு, பருமனும் ஒரே அளவு. காசிமாயன் மாட்டிய புதியதில், திருகும் மரை மட்டும் கால் அங்குலம் குட்டை. தீப்பொறி விழ வேண்டிய இடத்துக்கு அது எட்டவே இல்லை.

"ரிஜெக்ட்!" என்றாள் முனவர்.

பழைய பிளக்கோடு மருதாசலத்தின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார்கள்.

"எல்லாம் ஒண்ணுதானுங்க. தைரியமாப் போடுங்க" என்றார் மருதாசலம்.

"தைரியம் எங்ககிட்ட இருக்குதுங்க. மரை சரியா இருக்குதான்னு காட்டுங்க."

முனவர் ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து, பழையதோடு ஒட்டவைத்துப் பார்த்தாள். ஒன்று நீளம், ஒன்று குட்டை, இன்னொன்றின் பீங்கானில் முடி அளவு கீறல். கடைக்காரர் முகம் சுருங்கச் சுருங்க, தேறியவை ஐந்து. நாலைத் தாவூது கடை வாசலிலேயே மாட்டினார். சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது. தெருவில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ரயில் பாலத்து மேட்டில் ஒரே மூச்சில் ஏறினார். உச்சியில் காரணமே இல்லாமல் மூன்று தடவை ஹாரன் அடித்தார். பக்கத்தில் முனவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆளோடு வந்த காசிமாயன், சீராக ஓடும் இஞ்சின் சத்தத்தைக் கேட்டு விழித்தான். டேஷ்போர்டில் பிஸ்கட் டப்பாவும் அதனுள் புத்தம்புது பிளக் ஒன்றும் இருந்தன.

"இஞ்சினுக்கு நாலுதானண்ணே? இது எதுக்கு?"

தாவூது டப்பாவைத் துண்டால் துடைத்து மூடினார்.

"அது சாம்பிளுப்பா. இனி என்ற வண்டிக்கு நீ எதைப் போட்டாலும் ரிஜெக்ட் அக்கா பாத்துப் பாஸ் பண்ணோணும்."