கடையில் இல்லாத நெருப்புத் தோட்டா

துப்பாக்கிக் கடைக் கவுண்டரில் பாதி வேலை விற்பது. மீதி, படம் பார்த்துவிட்டு வருகிறவர்களின் ஆசையை ஆற்றுவது. எந்தக் கடையில் நின்றவருக்கும் இந்தப் பாடு தெரிந்திருக்கும். நான் நிற்பது, தஞ்சம் புகுந்த நாட்டில், பாபகூரா என்ற ஊரில். யுத்தத்துக்குத் தப்பி வந்தவன் தோட்டா விற்கலாமா என்று என்னை நானே அடிக்கடி கேட்டுக்கொள்வதால், மற்றவர்கள் கேட்கும்போது அவ்வளவாக உறைப்பதில்லை.

வெந்து விழும் வாத்து

ஏவன்டேலில் இருந்து வந்தவர், ஐடியில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டு இளைஞர். புதிதாக லைசென்ஸ் எடுத்திருந்தார். வாத்து சுட, படங்களில் வருவதுபோல் நெருப்பைக் கக்கும் தோட்டா வேண்டுமாம். இந்த நாட்டில் அதற்குத் தடை என்றேன். முகம் வாடியதால் விளக்கமும் சொன்னேன். அதில் இருப்பது எரியும் உலோகத் துகள். இருட்டில் மத்தாப்புபோல் அழகாக இருக்கும். பகலில் தேடித்தான் பார்க்கவேண்டும். கதவை உடைக்காது, ஆளைத் தூக்கி எறியாது, பறக்கிற வாத்தை எட்டுமுன் அணைந்துவிடும். காய்ந்த புல்லை மட்டும் நன்றாகப் பற்றவைக்கும்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ வாத்து வெந்தே விழாதா சார்? வீட்ல மசாலா வேற அரைக்கச் சொல்லிட்டு வந்துட்டேனே!"

தம்பிக்கு ஒரு தோட்டா

அதே தோட்டாவைக் கேட்டு வந்த அடுத்த ஆள், லின்ஃபீல்டில் இருக்கும் என் மனைவியின் தம்பி சிறீ. தமிழர் கலைவிழாவுக்குக் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தான். தன் லீவு முழுவதையும் அதிலேயே போட்டிருந்தான். கதாநாயகன் வில்லனின் கொட்டகையை நெருப்புத் தோட்டாவால் சுடவேண்டும். இடம், ஒரு வெள்ளைக்காரரின் பண்ணை. மாதம் பெப்ரவரி, இங்கே கடுங்கோடை, புல்லெல்லாம் வைக்கோல்.

மறுத்தேன். விளையாட்டுத் துப்பாக்கியைப் பிடி, நெருப்பைப் பிறகு கணினியில் போடு என்றேன். "பொய் நெருப்பைப் பார்த்துச் சனம் சிரிக்கும். உங்களைத் தடுக்கிறது சட்டமில்லை அத்தான், பயம்" என்று போனவன், அதன்பின் போனை எடுக்கவில்லை. பயம்தானோ? அதையே மனசுக்குள் உருட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். மனைவி சோற்றைப் போட்டபடி சொன்னாள்: "வாத்துச் சுடுறவனுக்கெல்லாம் சிரிச்சுச் சிரிச்சுக் குடுக்கிறியள். என்ர தம்பிக்கு மட்டும் ஒண்டும் இல்லை."

பண்ணைக்காரர்

அடுத்த கிழமை அந்தப் பண்ணைக்காரரே முயல் சுடத் தோட்டா வாங்க வந்தார். முந்திய கோடையில், புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து பறந்த ஒரு பொறியில் அவருடைய மேய்ச்சல் நிலம் ஒன்று எரிந்துபோயிருந்தது. "உன் மைத்துனன் என் இடத்தில் எதைச் சுடப்போகிறான்?" என்றார். விளையாட்டுத் துப்பாக்கி, நெருப்பெல்லாம் கணினியில் என்றேன். சிறீ அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை.

"அப்படியானால் வரட்டும்" என்றார். "நெருப்பு என்றிருந்தால் இன்றைக்கே கேட்டைப் பூட்டியிருப்பேன்."

அதை அப்படியே சிறீக்கு மெசேஜ் அனுப்பினேன். சம்மதம் ஒரே சொல்லில் வந்தது: "ஓம்."

கலைவிழாவில்

திரையில் துப்பாக்கி நெருப்பைக் கக்கியது. பட்டப்பகலில் கொட்டகை வெடித்தது. வில்லன் கூரைக்கு மேலால் பறந்தான். நான் கவுண்டரில் நின்று மறுத்த பொய் ஒன்றுகூட விடுபடவில்லை. ஹால் முழுக்க விசில். நானும் எழுந்து கைதட்டினேன். மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

சிறீ கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தான். "பாத்தியளே அத்தான், நெருப்பெண்டா இது! நல்லகாலம், உங்கட கடையை நம்பி நான் படம் எடுக்கேல்லை!"

இத்தனை வருடம் விற்ற சரக்கில் கிடைக்காத நல்ல பெயர், விற்காத ஒரு தோட்டாவால் எனக்கு வீட்டில் கிடைத்திருக்கிறது.