எஸ்மெர்லினின் முழங்கை

பானி ஊரில் நிடியாவின் அழகு நிலையத்தில் சனிக்கிழமையானால் உட்கார இடம் கிடைக்காது. தலையில் சுருள் மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அந்த வருஷம் ஒரே பேச்சு, நிடியாவின் மகன் எஸ்மெர்லின்தான். பதினாறு வயது. பேஸ்பாலில் அவன் எறியும் பந்து கண்ணுக்கே தெரிவதில்லை என்றார்கள். அமெரிக்க கிளப்புக்கு ஆள் பொறுக்குபவர்கள் அடுத்த வாரம் வருவதாக இருந்தது.

அதற்காக அவனுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள் நிடியா. மேல் தட்டிலிருந்த சீப்பை எடுக்கச் சொன்னபோது அவன் இடது கையை நீட்டினான்.

"கையெழுத்தும் இனிமே இடது கையிலதானா ராஜா?" என்று ஒருத்தி சீண்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். நிடியா சிரிக்கவில்லை.

"வலது கையை நீட்டு."

நீட்டினான். முழங்கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒண்ணுமில்லம்மா. ராதாமேஸ் ஊசி போட்டுவிட்டாரு. இப்ப வலியே இல்ல."

ராதாமேஸ் அவனுடைய பயிற்சியாளர். திங்கட்கிழமை நிடியா கடையைப் பூட்டிவிட்டு மகனைத் தலைநகருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனாள். எலும்பு மருத்துவர் ஒரு பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இவனுக்கு எலும்பு இன்னும் வளர்ந்து முடியலம்மா. எறிய எறிய, தசை அந்த எலும்பு நுனியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கு. இப்ப நிறுத்தினா தானா கூடிடும்."

"இந்த வாரம் ஒரே ஒரு தடவை எறியலாமா டாக்டர்?"

"எறிஞ்சா நுனி பிய்ஞ்சு வந்துடலாம் தம்பி. அப்புறம் ஆபரேஷன்தான்."

திரும்பும் வழியெல்லாம் அவன் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தான்.

மறுநாள் ராதாமேஸ் கடைக்கே வந்துவிட்டார்.

"நிடியா, வயசு ஏற ஏற அமெரிக்காக்காரங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. இது உனக்குத் தெரியாததா?"

"ஊசி போட்டதும் வலி போச்சுன்னான்."

"ஆமா, போச்சு."

"வலி போனதால இன்னும் வேகமா எறிஞ்சிருப்பான். இல்லையா?"

ராதாமேஸ் கெட்ட மனிதர் இல்லை. பையன்களுக்குத் தன் வீட்டிலேயே சோறு போட்டவர்.

"அவன் வரமாட்டான் அண்ணே," என்று சொல்லிவிட்டு நிடியா கத்தரியை எடுத்துக்கொண்டாள்.

எஸ்மெர்லின் அவளோடு பேசுவதை நிறுத்தினான். தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்ச் சாப்பிட்டான். ஆள் பொறுக்குபவர்கள் வந்த அன்று மைதானத்து வேலிக்கு வெளியே நின்று பார்த்தான். அவன் கூட்டாளி ஒருவனைத் தேர்ந்தெடுத்தார்கள். எஸ்மெர்லின் வீட்டுக்கு வந்து தலையணையில் முகம் புதைத்து அழுதான். நிடியா கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். தப்பு செய்துவிட்டோமோ என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பயந்தாள்.

மாம்பழக் காலம் முடிந்த பிறகு, மெதுவாக எறிந்து பழகலாம் என்றார் மருத்துவர். பிடிக்க ஆள் இல்லை. நிடியாவே கையுறையை மாட்டிக்கொண்டு கொல்லையில் நின்றாள். இரண்டாவது பந்து பட்டு அவள் உதடு வீங்கியது.

"கண்ணை மூடிக்கிட்டா எப்படிம்மா பிடிப்ப?"

"நீ ஒழுங்கா போடுடா."

அவன் சிரித்துவிட்டான். அன்றிலிருந்து மறுபடி பேசிக்கொண்டார்கள்.

கை முழுசாக நீண்டது. பழைய வேகம் மட்டும் திரும்பவில்லை. அடுத்த வருஷம் வந்தவர்கள் அவனை இரண்டு முறை எறியச் சொல்லிப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லி அனுப்பினார்கள். அவன் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கக் கற்றுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் அணிக்கு எறிகிறான்.

ராதாமேஸ் ஒருநாள் கடை காலியாக இருக்கும் நேரம் பார்த்து வந்தார். "அந்த டாக்டரம்மா எங்க இருக்காங்க? புதுப் பையன் ஒருத்தன் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டே திரியறான்," என்றார். நிடியா வழி சொல்லி அனுப்பினாள்.

அன்று சாப்பிடும்போது மகனிடம் கேட்டாள்: "என்மேல இன்னும் கோவம் இருக்கா?"

"சில நாள் வரும்மா," என்றான். பிறகு வறுத்த வாழைக்காயை அவள் பக்கம் நகர்த்தினான்.